மேலே எழும் மாடிக்கு ஒரு சட்டம், கீழே இருக்கும் கடைக்கு ஒரு சட்டமா?

உங்கள் கேள்வி நீளமானது. அதை நான் எப்படி விளங்கிக்கொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலையக நகரொன்றில் சரிவின் கீழ்ப்புறத்தில் உங்கள் வீடு இருக்கிறது. மேற்புறக் காணிக்காரர் உங்கள் பின்சுவருக்கு அருகில் மண்மேட்டை நெட்டுக்குத்தாக வெட்டி, நான்கு மாடிக் கட்டிடம் எழுப்பி வருகிறார். நகர சபையில் இரண்டு முறை முறைப்பாடு கொடுத்தும் வேலை நிற்கவில்லை. அதே சபையிலிருந்து வந்தவர்கள், பஸ் நிலையத்தை அண்டி உங்கள் தந்தை காலத்திலிருந்து நடத்திவரும் கடையை நகரை அழகுபடுத்தும் வேலைக்காக மூன்று நாட்களில் அகற்றும்படி வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரே சபைக்கு ஏன் இரண்டு வேகம் என்று கேட்கிறீர்கள். அதோடு, வீட்டையும் கடையையும் காப்பாற்ற இப்போது என்ன செய்யலாம் என்பதும் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது.

நான் மத்திய, ஊவா மாகாணங்களின் உள்ளூராட்சி மன்றங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகவும் பின்னர் திட்டமிடல் குழுக்களில் உறுப்பினராகவும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்றவன். சட்டத்தரணி அல்லன். ஆகவே சட்டப் பிரிவுகளைப் பற்றி நான் சொல்வதை, அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அறிவித்தல் எழுதியவனின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். வழக்குக்குப் போவதானால் சட்டத்தரணி ஒருவரின் கண் கட்டாயம் வேண்டும்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது: உங்கள் இரண்டு சிக்கல்களும் ஒரே சட்டத்தின் கீழ் வருவன அல்ல. மேலே எழும் கட்டிடத்தைப் பொறுத்தவரை, உங்கள் நகரம் நகர அபிவிருத்திப் பிரதேசமாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டிருந்தால், 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் பொருந்தும். 1982 இல் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்ட பகுதியின்படி, அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் இன்றி அங்கே எந்த அபிவிருத்தி வேலையும் செய்யக் கூடாது. கட்டிடம் என்றால் சுவரும் கூரையும் மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். காணியைத் துண்டாக்குவது, பயன்பாட்டை மாற்றுவது போன்றவையும் அபிவிருத்தி வேலைகளே. அந்த அதிகாரத்தை அதிகார சபை உள்ளூராட்சி மன்ற உத்தியோகத்தர்களிடம் கையளிக்கலாம் என்பதால்தான், விண்ணப்பமும் முறைப்பாடும் நகர சபைக்கே போகின்றன. பிரகடனப்படுத்தப்படாத பகுதியென்றால் 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. நூறு ஆண்டுகளைக் கடந்த அந்தச் சட்டமும், வரைபடம் அங்கீகரிக்கப்படாமல் கட்டிடம் எழுப்பக் கூடாது என்றும், முடிந்த பின் இணக்கச் சான்றிதழ் இல்லாமல் அதில் குடியிருக்கக் கூடாது என்றும் தெளிவாகவே சொல்கிறது.

அனுமதியின்றிக் கட்டுபவரை நிறுத்தும் வழி இதுதான். அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவின் கீழ் அவருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதில் குறிப்பிடும் கெடு ஏழு நாட்களுக்குக் குறையக் கூடாது. வேலையை நிறுத்து, பழைய நிலைக்குக் கொண்டுவா, அல்லது அனுமதியின் நிபந்தனைகளுக்கு ஏற்பத் திருத்து என்று அந்த அறிவித்தல் கோரலாம். அவர் கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்து, உடைத்து அகற்ற அதிகாரமளிக்கும் கட்டளையைப் பெற வேண்டும். நீதவான் முன்னிலையில் கட்டிடக்காரர் முன்வைக்கக்கூடிய எதிர்வாதம் மிகக் குறுகியது: அனுமதிப்பத்திரம் இருக்கிறது, அதன்படியே கட்டுகிறேன் என்பதே. எழுத்தில் பார்த்தால் இது வலுவான சட்டம்.

நடைமுறையில் அது ஏன் தளர்கிறது என்பதை நான் உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். அறிவித்தல் தயாரிக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு வீதி, கான் (வடிகால்), குடிநீர், சந்தை என்று வேறு பத்து வேலைகள் இருக்கும். கையொப்பமிடும் இடத்தில் தேர்தலில் வாக்குக் கேட்டு வந்தவர் இருப்பார். வழக்குத் தாக்கல் செய்யச் சபைக்குச் சட்டத்தரணி வேண்டும், அவருக்குக் கட்டணம் வேண்டும், சாட்சி சொல்ல உத்தியோகத்தர் தவணைக்குத் தவணை போக வேண்டும். இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் காலம். அத்திவாரம் வெட்டும்போது வரும் முறைப்பாட்டை ஒரு தாளால் நிறுத்தலாம். கூரை போட்டுக் குடும்பம் குடியேறிய பின் வரும் முறைப்பாட்டைத் தீர்க்க இயந்திரமும் பொலிஸும் வேண்டும், எந்தத் தலைவரும் அதற்கு மனம் துணிவதில்லை. அதற்கு மேல், விதிகளுக்கு உட்பட்ட கட்டிடத்தைக் கட்டணம் செலுத்திப் பின்னர் ஒழுங்குபடுத்திக்கொள்ளும் வழியும் இருக்கிறது. முதலில் கட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது என்பது என் முடிவு. ஆனால் அந்த ஒழுங்குபடுத்தல் விதிமீறலை விதியாக்கிவிடாது: எல்லைக்கு விட வேண்டிய இடம் விடப்படாமலோ, மண்சரிவு அபாய மதிப்பீடு இல்லாமலோ எழுந்த கட்டிடத்தைக் கட்டணம் வாங்கிச் சரிசெய்ய எவருக்கும் அதிகாரம் இல்லை.

இந்த மதிப்பீடுதான் உங்கள் வழக்கின் இதயம். மலையகத்தில் கட்டிட விதி என்பது தோற்றத்தைப் பற்றிய விடயம் அல்ல, மண்ணைப் பற்றிய விடயம். நம் நகரங்கள் பெரும்பாலும் மலை முகட்டிலோ பள்ளத்தாக்கின் ஒடுங்கிய அடியிலோ தேயிலைக் காணிகளால் நாற்புறமும் சூழப்பட்டவை. ஹட்டனையோ தலவாக்கலையையோ பண்டாரவளையையோ பாருங்கள். சுற்றியுள்ள காணி 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பின் அரசுக்குச் சென்று, 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் இருக்கிறது. நகரம் பக்கவாட்டில் விரிய இடமில்லை. ஆகவே அது மேலே ஏறுகிறது, அல்லது மலைக்குள் வெட்டிக்கொண்டு போகிறது. 1986 இன் திட்டமிடல் விதிகள் கட்டிடத் துண்டொன்றின் குறைந்த அளவை 150 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 6 பேர்ச் என்று வைத்தன. கொழும்பின் சமதரையில் 6 பேர்ச் ஒரு வீட்டுக்குப் போதும். முப்பது பாகைச் சரிவில் அதே 6 பேர்ச்சில் சமதரை உண்டாக்க வேண்டுமென்றால் பின்புறம் ஆள் உயரத்துக்கு இருமடங்கு வெட்ட வேண்டியிருக்கும். இப்போது நடைமுறையில் உள்ளவை 2021 ஜூலையில் வர்த்தமானியில் வெளியான விதிகள். ஆனாலும் துண்டுகளாகப் பிரிந்துபோன பழைய காணிகள் அப்படியே இருக்கின்றன.

வெட்டிய மண்மேடு வெயில் காலத்தில் சுவர்போல நிற்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஈரம் குறைந்த மண் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். தொடர்ந்து மழை பெய்து நீர் உள்ளே இறங்க இறங்க அந்தப் பிடிப்பு விடும், நீரின் அழுத்தம் உள்ளிருந்து தள்ளும், மண்ணின் பாரமும் கூடும். மேலே நான்கு மாடியின் சுமையும், அதன் கூரையிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் இறங்கும் நீரும் சேர்ந்தால், கீழே இருப்பவர் ஆண்டுக்கொரு மழைக்காலத்தைப் பயத்தோடு கடக்க வேண்டியதுதான். தடுப்புச் சுவர் கட்டினால் போதும் என்று நினைப்பதும் அரைகுறை அறிவு. நீர் வடியும் துளைகளும் பின்புறம் கல் நிரப்பலும் இல்லாத சுவர் நீரைத் தேக்கிவைத்து, ஒருநாள் மண்ணோடு சேர்ந்தே விழும்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1990 முதல் மலைநாட்டு மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வரைபடங்கள் தயாரித்து வருகிறது. அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டிட அனுமதிக்கு முன் அந்நிறுவனத்தின் அறிக்கை பெறப்பட வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் புதையுண்டபோது, அந்த இடம் அபாயமானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2016 மே மாதம் அரநாயக்கவிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாடு முழுவதிலும் மண் நம்மிடம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டது. அறிக்கை இருந்தது, வரைபடம் இருந்தது. அதைப் படித்துவிட்டு ஒருவரை நிறுத்தவோ, பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்தவோ கடமைப்பட்டவரின் மேசையில் கோப்பு நின்றுவிட்டது. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது, ஏனெனில் அப்படிப்பட்ட கோப்பொன்று என் மேசையிலும் இருந்திருக்கிறது. ஒரு வீட்டு வரிசையின் பின்னால் வெட்டப்பட்ட மேட்டைப் பற்றி முறைப்பாடு வந்தது. நான் போய்ப் பார்த்து, படமெடுத்து, வேலையை நிறுத்தப் பரிந்துரைத்தேன். அறிக்கை வேண்டுமென்று ஓர் அலுவலகத்துக்கும், காணியின் உரிமை பற்றி இன்னோர் அலுவலகத்துக்கும் கடிதம் போனது. இரண்டு மழைக்காலங்கள் கழிந்தன. மூன்றாவதில் ஒரு வீட்டின் சமையலறை மண்ணுக்குள் போனது. அந்த நேரம் அடுப்படியில் யாரும் இருக்கவில்லை. பரிந்துரை எழுதியதோடு என் வேலை முடிந்தது என்று நான் இருந்திருக்கக் கூடாது. நிறுத்தும் அறிவித்தலை அன்றே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

இனி கடை. இங்கே வேறு சட்டம், வேறு வேகம். பஸ் நிலையத்தை அண்டிய காணி பெரும்பாலும் அரசுக்கோ, சபைக்கோ, புகையிரதத் திணைக்களத்துக்கோ, வீதி ஒதுக்குக்கோ உரியதாக இருக்கும். அரச காணியென்றால் 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீளப்பெறல் சட்டம் பயன்படுத்தப்படும். தகுதிவாய்ந்த அதிகாரி வெளியேறும் அறிவித்தல் கொடுப்பார்; கெடு முடிந்ததும் நீதவானிடம் போவார். அங்கே நீங்கள் எத்தனை ஆண்டு இருந்தீர்கள், யாருக்கு வரி கட்டினீர்கள், எத்தனை பேர் உங்களை நம்பி வாழ்கிறார்கள் என்பவை கேட்கப்படா. அரசின் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்து மூலமான அதிகாரம் உண்டா என்ற ஒரே கேள்விதான். இல்லையென்றால் வெளியேற்றும் கட்டளை. அதற்கெதிராக மேன்முறையீடும் இல்லை.

உங்கள் ‘இரண்டு வேகம்’ என்ற கேள்விக்கு என் விடை இங்கேதான் இருக்கிறது. மேலே கட்டுபவரிடம் உறுதி, அதாவது காணிப் பத்திரம், இருக்கிறது, நில அளவை வரைபடம் இருக்கிறது, சட்டத்தரணி இருக்கிறார். அவரைத் தொட வேண்டுமானால் சபைதான் படிப்படியாக எல்லாவற்றையும் செய்ய வேண்டும். உங்களைத் தொட, உங்களிடம் ஒரு தாள் இல்லை என்று காட்டினால் போதும். நம் மக்களிடம் அந்தத் தாள் ஏன் இல்லை என்பதற்கு வரலாறு உண்டு. தோட்டத்தில் வீடும் காணியும் நிர்வாகத்தினுடையவை. தலைமுறைகளாக லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு உறுதி என்ற ஒன்று கைக்கு வரவேயில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமும் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது; 2018 திருத்தம் வரை அதுதான் நிலை. அப்படிப்பட்ட இடத்திலிருந்து நகரத்துக்கு வந்து, ஒரு பெட்டிக்கடை போட்டு, நாள் வாடகைக்குத் துண்டு (பற்றுச்சீட்டு) வாங்கிக்கொண்டு நாற்பது வருடம் கழித்த ஒருவருக்கு, அனுமதிப்பத்திரம் ஒன்று தனியே எழுதிவாங்க வேண்டும் என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சபைக்கும் அது வசதியாக இருந்தது. ஆகவே இது தனியொருவரின் பாரபட்சம் என்று நான் சொல்லமாட்டேன். தாளைப் பார்த்து நகரும் சட்டம், தாள் கொடுக்கப்படாதவர்கள் மேல் விரைவாக நகர்கிறது. அநீதி அதனால் குறைந்துவிடுவதில்லை.

ஆயினும் மூன்று நாள் வாய்மொழி உத்தரவு அந்தச் சட்டத்துக்குள்ளும் அடங்காது. வெளியேறும் அறிவித்தல் எழுத்தில் இருக்க வேண்டும், கெடு 30 நாட்களுக்குக் குறையக் கூடாது, நீதவானின் கட்டளை இன்றிப் பலவந்தமாக வெளியேற்ற முடியாது. இது உறுதி. உங்கள் கடை நேரடியாக நடைபாதை மேலோ கானின் மேலோ இருந்தால் நிலைமை மாறும்: வீதித் தடைகளை அகற்ற 1939 ஆம் ஆண்டின் நகர சபைகள் கட்டளைச் சட்டம் சபைக்குத் தனி அதிகாரம் தருகிறது, அதற்கு இத்தனை நீண்ட கெடு தேவைப்படாது. நீங்கள் அனுப்பிய விவரத்திலிருந்து கடையின் பின்பாதி எந்தக் காணியில் நிற்கிறது என்பதைத் தீர்மானிக்க முடியாது. நில அளவை வரைபடம்தான் அதைச் சொல்லும்.

சந்தேகத்துக்குரியவை இரண்டு. நாள் வாடகைத் துண்டுகள் ‘எழுத்து மூலமான அதிகாரம்’ ஆகுமா என்பது முதலாவது. துண்டு பணம் வாங்கியதற்குச் சான்று, இடத்தை வைத்திருக்க அனுமதித்ததற்குச் சான்றல்ல என்றே அதிகாரிகள் வாதிடுவார்கள். அந்தத் துண்டுகளில் கடை இலக்கமும் சபை முத்திரையும் இருந்து, சபைக் கூட்ட அறிக்கையிலும் அந்தக் கடை வரிசை பதிவாகியிருந்தால், வாதம் உங்கள் பக்கம் சற்றுச் சாயும். இரண்டாவது, மாற்றிடம் கேட்கும் உரிமை. 2001 இல் அமைச்சரவை ஏற்ற தேசிய மீள்குடியேற்றக் கொள்கை, காணிக்கு உறுதி இல்லாதவர்களும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்கிறது. அது கொள்கை, சட்டமல்ல. நீதவான் முன் அதை வைத்து வெல்வது கடினம். ஆனால் சபையுடனும் பிரதேச செயலாளருடனும் பேசும்போதும், மேல் நீதிமன்றங்களில் எழுத்தாணை (ரிட்) கோரும்போதும் அதற்கு எடை உண்டு. வெளிநாட்டுக் கடனுதவியில் நடக்கும் திட்டம் என்றால் உங்கள் நிலை இன்னும் நல்லது. 2014 இல் உலக வங்கி உதவியோடு கண்டியிலும் காலியிலும் தொடங்கிய மூலோபாய நகரங்கள் அபிவிருத்தித் திட்டம் போன்றவற்றில், தொழிலை இழப்பவர்களைக் கணக்கெடுத்து ஈடுசெய்வது கடன் கொடுப்பவரின் நிபந்தனையாகவே இருக்கும். சபையின் சொந்தப் பணத்தில் நடக்கும் அழகுபடுத்தலில் அப்படி ஒரு காவல் இல்லை. எனவே இந்த வேலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் விசாரியுங்கள்.

செய்ய வேண்டியவற்றில் முதலாவது, வாயால் பேசுவதை நிறுத்தி எழுத்துக்கு மாறுவது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரே விண்ணப்பத்தில் கேளுங்கள்: மேலுள்ள காணிக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கப்பட்டதா, அதன் இலக்கமும் திகதியும் என்ன, எத்தனை மாடிக்கு, கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விதித்த நிபந்தனைகள் எவை, உங்கள் முறைப்பாடுகள் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது. கடையை அகற்ற எடுத்த தீர்மானத்தின் பிரதியையும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். என் அனுபவத்தில், இத்தகைய விண்ணப்பம் கிடைத்த நாளிலேயே தூங்கிக்கிடந்த கோப்பு எழுந்து உட்காரும், ஏனெனில் நடவடிக்கை எடுக்கவில்லை என்று யாராவது ஒருவர் கையொப்பமிட்டு எழுத வேண்டிவரும். கூடவே, திகதியிட்ட படங்களோடு முறைப்பாட்டை நகர சபைச் செயலாளர், நகர அபிவிருத்தி அதிகார சபையின் மாவட்ட அலுவலகம், கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகம் ஆகிய மூன்றுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முறைப்பாட்டில் ‘அனுமதியற்ற கட்டிடம்’ என்று எழுதுவதோடு நிற்காமல், வெட்டின் உயரம், உங்கள் சுவரிலிருந்து அதன் தூரம், நீர் எங்கே வடிகிறது என்பதை அளந்து எழுதுங்கள். அளவு எழுதிய முறைப்பாட்டை ஒதுக்கிவைப்பது உத்தியோகத்தருக்குக் கடினம்.

சபை அசையாவிட்டால், 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவு இருக்கிறது. பொதுத் தொல்லைகளையும், இடிந்து விழுந்து ஆபத்து விளைவிக்கக்கூடிய கட்டிடங்களையும் பற்றி நீதவான் நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்க அது இடம் தருகிறது. பொலிஸ் மூலமாகவும் இதைத் தொடங்கலாம். தனி ஒருவருக்கு மட்டும் உள்ள ஆபத்து பொதுத் தொல்லையா என்ற எதிர்வாதம் வரும். ஆகவே அந்த மேட்டின் கீழ் இருக்கும் அயலவர்களும் சேர்ந்து கையொப்பமிடுவது நல்லது. கடையைப் பொறுத்தவரை, பழைய துண்டுகள், மின்சாரப் பட்டியல், வியாபார உரிமப் பிரதிகள் எல்லாவற்றையும் ஆண்டு வரிசையில் அடுக்கி, படி எடுத்து, அசலை வீட்டில் வையுங்கள். வரிசையில் உள்ள மற்றக் கடைக்காரர்களோடு சேர்ந்து, எழுத்து மூல அறிவித்தல் வேண்டும் என்றும் மாற்றிடம் வேண்டும் என்றும் ஒரே கடிதமாகக் கொடுங்கள். எந்த வெற்றுத் தாளிலும், ‘விரும்பி ஒப்படைக்கிறேன்’ என்று எழுதிய எந்தத் தாளிலும் கையொப்பமிட வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் வாரங்கள் பிடிக்கும். மழை அதுவரை காத்திராது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்பது கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் எச்சரிக்கை அளவு, 100 இரண்டாவது, 150 ஐத் தொட்டால் வெளியேற வேண்டும். நாளைக்கே பகல் வெளிச்சத்தில் அந்த வெட்டின் மேல்விளிம்பை, காணிக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஒருமுறை நடந்து பாருங்கள். தரையில் நீளவாக்கில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கசியும் கலங்கல் நீர், உங்கள் வீட்டில் திடீரென இறுகிக்கொண்ட கதவு, இவற்றில் ஏதாவது தெரிந்தால் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்தின் அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் அன்றே அறிவியுங்கள். சபையின் பதில் வரும்வரை, பின்சுவரை ஒட்டிய அறையில் பிள்ளைகளை உறங்க வைக்காதீர்கள்.